மேற்கே சாய்ந்து

ஆடி பிறந்து ஆறு நாள்.
கணவாய்க்குள் நுழைகிற காற்று
எங்கள் ஓலைப்படலை இரண்டு தரம் பிடுங்கிவிட்டது.
மூன்றாம் தரம் நான் ஓலைக்கு அலையவில்லை;
முப்பந்தல் விலக்கில் அறுந்து கிடந்த பிளக்ஸைச்
சுருட்டித் தலையில் ஏற்றி வந்தேன்.
யாரோ ஒரு பிள்ளைக்கு முதல் பிறந்தநாள்.
அஜின்ஷா என்று பெயர்.
முகமெல்லாம் கேக்.
ஐந்து கம்பு ஊன்றி அவளை இழுத்துக் கட்டினேன்.
அவள் கன்னத்தின் மறைவில்தான்
இந்த ஈத்து முழுக்க.

ஏழு செம்மறிப் பெட்டை.
மகளிர் குழு லோன், இன்னும் பதினாலு தவணை.
கிடா, பக்கத்து விளைக்காரரிடம் இரவல்.
அவர் கூலிக்கு ஒரு குட்டி கேட்டிருக்கிறார்,
எது என்று சொல்லவில்லை.

ஈனப்போகிற ஆடு
மண்ணைக் காலால் பறிக்கும், படுக்கும், எழும்பும்,
யாரோ கூப்பிட்டதுபோலத்
தன் பின்பக்கத்தைத் தானே திரும்பிப் பார்க்கும்.
மூளிக்காதி அன்று அந்தியிலிருந்து
திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

தவசிமணிக்கு ராத்திரி டூட்டி.
தெற்கே, நாற்பத்தாறாம் நம்பர் காத்தாடிக்கு அடியில்
ஒரு தகரக் கூண்டு, ஒரு நாற்காலி.
காற்றையா களவெடுக்கப் போறானுவ என்று கேட்டால்
கேபிள் பிள்ளே, கேபிள் என்பார்.
செல்போனில் பேசினால் அங்கே ஒரு சொல்லும் தங்காது.
அதனால் டார்ச்.
ஒரு வெட்டு: சோறு தின்றாச்சு.
இரண்டு: நாய் வந்திருக்கிறது.
மூன்று: ஈனத் தொடங்கிவிட்டாள்.
மூன்று வெட்டினேன்.
அங்கிருந்தும் மூன்று வந்தது.
அவ்வளவுதான் அவரால் முடியும்.

முதல் குட்டி தானாக வந்தது,
இரண்டு கால், நடுவே மூக்கு,
படத்தில் போட்டதுபோல.
இரண்டாவது
ஒற்றைக் குளம்பை நீட்டிவிட்டு நின்றுபோனது.
நகம் வெட்டினேன். முழங்கைவரை தேங்காயெண்ணெய்.
உள்ளே விரல்தான் பார்க்க வேண்டும்:
இது கழுத்தின் வளைவு,
இது முட்டி,
இது பின்னால் மடங்கிக் கிடக்கிற கால்.
அவள் முக்கும்போதெல்லாம் என் மணிக்கட்டு நசுங்கியது.
முக்காத இடைவெளியில் குட்டியை உள்ளே தள்ளி
குளம்பை உள்ளங்கையில் பொத்தி
முன்னால் கொண்டுவந்தேன்.
அந்த நேரம் என் வாயில் வந்தது கெட்ட வார்த்தை.
மாதா பொறுத்துக்கொள்வாள்,
அவளும் தொழுவத்தில் பெற்றவள்தானே.

வழுவழுவென்று, மஞ்சளாக,
மூச்சில்லாமல் வந்து விழுந்தது.
பின்னங்கால் பிடித்து இரண்டு ஆட்டு.
மூக்கில் வைக்கோல் விட்டுக் குடைந்தேன்.
தும்மியது.

அப்புறம்தான் வில்லங்கம்.
மூத்ததை நக்கினாள் மூளிக்காதி.
இளையதை முட்டித் தள்ளினாள்.
பிளக்ஸின் ஒரு மூலை அவிழ்ந்து
காற்று உள்ளே புகுந்து
குட்டியின் மணத்தைத் தாய் அறியுமுன்
திருநெல்வேலிப் பக்கம் கொண்டுபோயிருந்தது.
அந்த மூலையை முதுகால் அடைத்து உட்கார்ந்தேன்,
பனிக்குட நீரை வழித்து அதன் உடம்பில் பூசி
அவள் மூக்கடியில் பிடித்தபடி.
ஒரு மணிநேரமா, இரண்டா,
அஜின்ஷாவின் காது என் தலையில்
படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.
கடைசியில் ஒரு நக்கு.
சந்தேகத்தோடு இன்னொன்று.
பிறகு என் கையையும் சேர்த்து.

டார்ச்சில் எத்தனை வெட்டுவது?
நல்ல செய்திக்கு நாங்கள் கணக்கு வைத்திருக்கவில்லை.
சும்மா எரியவிட்டேன், பேட்டரி தீரும்வரை.

விடிந்து அவர் வந்தபோது
இளையது எழும்பி நின்றிருந்தது,
நாலு காலையும் அகல வைத்து
வேலிக்கு வெளியே, மேற்கே சாய்ந்து.
பிறந்ததிலிருந்து அது கண்ட சுவர் காற்றுதான்.

பத்து மணிவாக்கில்
என்ன நினைத்ததோ, காற்று சட்டென்று ஓய்ந்தது.
காத்தாடி இறக்கைகள் தயங்கின.
தவசிமணி சோற்றுக் கையோடு அண்ணாந்து பார்த்தார்.
பொத்தென்று விழுந்தது குட்டி.
விழுந்த இடத்திலிருந்தே
எங்கள் இரண்டுபேரையும் மாறி மாறிப் பார்த்தது,
உங்களில் யார் தள்ளியது என்று.